கண்ணாடிக்கு முன்னால் மல்யுத்தம்

தேகப் பயிற்சி விஷயத்தில் நம் நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சிக்குக் கர்லாக்கட்டையே வேதம். காமா பயில்வான் ஆயிரக்கணக்கில் பஸ்கி போட்டாரே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். மற்றக் கட்சிக்கோ இரும்பு யந்திரமும் நிலைக்கண்ணாடியும் இல்லாத இடம் பயிற்சிக்கூடமே அல்ல. இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. மல்யுத்தம் பழக ஆசைப்படும் பையன் இவர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு திண்டாடுகிறான்.

விஷயத்தை விளங்கிக்கொள்ள ஆரணிக்கு வாருங்கள். இங்கே பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் தறி இருக்கும் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது. மறு கை ஊடையை இறுக்கி அடிக்கிறது. நாளெல்லாம் இப்படி. அதற்கு அசராத அதே மனிதரை நெல் மூட்டை தூக்கச் சொன்னால் முதுகு கெஞ்சும். எந்த வேலையைக் கொடுக்கிறோமோ அந்த வேலைக்குத்தான் உடம்பு பழகும். இன்றைய பயிற்சி சாஸ்திரத்தின் முதல் பாடமும் இதுதான்.

மல்லனுடைய வேலை என்ன? இன்றைய சர்வதேச விதிப்படி மூன்று நிமிஷமாக இரண்டு சுற்று. நடுவே அரை நிமிஷம் ஓய்வு. அதற்குள் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்த பிடி நழுவக்கூடாது. அவன் தலையை அழுத்தினால் கழுத்து தாங்க வேண்டும். திமிறுகிறவனை இடுப்பின் விசையால் தூக்க வேண்டும். தூக்கிய பிறகும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். கண்ணாடியில் அழகாகத் தெரிகிற புஜம் இதில் எந்தக் காரியத்துக்கு உதவும்?

புதிதாகத் திறந்த ஒரு பயிற்சிக்கூடத்தில், "ஏறிப் பழகக் கயிறு இல்லையா?" என்று கேட்டேன். "எதற்கு சார், துணி உலர்த்தவா?" என்றார் உரிமையாளர். கைப்பிடிக்கும் முதுகுக்கும் கயிறு ஏறுவதைப் போன்ற பயிற்சி அபூர்வம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கோதாவின் மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்ட வைத்தார்களே நம் முன்னோர், அது கூலி மிச்சம் பிடிக்க அல்ல.

அப்படியானால் பழைய கட்சிக்கு ஜயமா? அதுவும் இல்லை. நூறு பஸ்கியை ஆயிரமாக்கினால் பொறுமை வளரும். பலம் அந்த அளவுக்கு வளராது. பலம் வளரச் சுமை சிறிது சிறிதாக ஏற வேண்டும். இடையிலே ஓய்வும் வேண்டும். கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியைத் தினந்தோறும் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினான் என்பது கதைதான். ஆனாலும் கதைக்குள் இருக்கும் தத்துவம் மெய். மண் கோதாவில் வளர்ந்த கே. டி. ஜாதவ் 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில், பழக்கமில்லாத மெத்தைமேல் மல்லாடி, ஆறாவது இடத்தைப் பிடித்தார். ‘எங்கள் மண்ணே போதும்’ என்று அவர் வீம்பு பேசவில்லை. புதிய முறையைக் கற்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி மனிதர் ஒருவர் கொண்டுவந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

இதையெல்லாம் வெறும் ருசி பேதம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது. ஆரணி நெசவாளருக்குப் பட்டும் சரிகையும் நிறுத்துத்தான் தரப்படும். கிராம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். 2024-இல் பாரிஸில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்ட வினேஷ் போகட், 50 கிலோ வகுப்புக்கு 100 கிராம் கூடுதலாக இருந்ததால் விலக்கப்பட்டார். தேசமே அழுதது. ஆனால் எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல், வியர்க்க வியர்க்க ஓடும் வழக்கத்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் இப்படியே மாண்டார்கள். ரப்பர் உடை அணிந்து வியர்ப்பதை அங்கே பிறகு தடை செய்தார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு வந்த புத்தி அது.

நமக்கு அந்த விலை கொடுத்துத்தான் புத்தி வர வேண்டுமா? பையனைக் கோதாவுக்கு அனுப்பும் தகப்பனார் வாத்தியாரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை பஸ்கி?" என்பதல்ல, "எந்தச் சாப்பாடு? எத்தனை மணித் தூக்கம்? எடையை எப்படிக் குறைப்பீர்கள்?" என்பதுதான். பதில் சொல்லத் தயங்குகிற வாத்தியார், காமாவின் படத்துக்குத் தினமும் மாலை போடுகிறவராக இருந்தாலும் சரி, சீமை யந்திரங்களை வரிசையாக வைத்திருப்பவராக இருந்தாலும் சரி, பையனின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

பலம் பாவு, வித்தை ஊடை. பாவு நைந்த தறியில் எந்தக் கைகாரரும் புடவை நெய்ய முடியாது.