எங்கள் ஊர்ப் பெயர் இணையத்திலும் தமிழில் செல்லுபடியாக வேண்டும்

திருப்புலிவனம் ஊர்மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்; .இந்தியா பெயர்ப் பதிவகத்தை நடத்தும் நிக்ஸி நிறுவனம்; தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை.

எங்கள் நிலை

உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் எழுதப் போனால் 'டி'யோடு 'ஹெச்' சேர்ப்பதா வேண்டாமா, 'பி' ஒன்றா இரண்டா என்பதிலேயே நான்கு ஊர்கள் பிறந்துவிடுகின்றன. மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான்: ஓரிடத்தில் 'காஞ்சி'க்கு ஓர் 'ஐ', இன்னோரிடத்தில் இரண்டு 'இ'. பலகையில் எப்படி எழுதியிருந்தாலும் பேருந்து ஊர் வந்து சேர்ந்துவிடும். இணைய முகவரியில் ஓர் எழுத்து பிசகினால் யார் வீட்டு வாசலிலோ போய் நிற்க வேண்டியதுதான்.

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. அதே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துக்குள் அடைப்பது அரசுக்கே இத்தனை பாடு என்றால், இ-சேவை மையத்தில் ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்த முகவரியை வீட்டுக்கு வந்து பேத்தியின் போனில் தட்டும் பெரியவர் என்ன செய்வார்? பத்திரத்தை வரி விடாமல் படிக்கத் தெரிந்தவர் அவர். அவருக்குத் தடுமாறுவது இன்னொரு மொழியின் எழுத்துக்கூட்டல் மட்டுமே.

இணைய முகவரிகளுக்குப் பின்னால் இருக்கும் டொமைன் பெயர் முறையை எங்கள் வழியில் சொல்கிறோம். 'கிணற்று மேட்டுக் கழனி' என்று நாங்கள் சொன்னால், கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைப் புரட்டி சர்வே எண்ணைச் சொல்வார். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருகிற அதே வேலையைத்தான் இணையத்தில் இந்த முறை 1983 முதல் செய்துவருகிறது. எங்கள் கழனிக்குத் தமிழில் பெயர் உண்டு. பதிவேடும் தமிழில் உண்டு. இணையத்தின் பதிவேட்டில்தான் தமிழ் இன்னும் விருந்தாளி.

தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலகப் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2007இல் 11 மொழிகளில் சோதனை முகவரி வைத்தபோது, தமிழுக்கு 'உதாரணம்.பரிட்சை' கிடைத்தது. 2010இல் .இலங்கையும், 2011இல் .இந்தியாவும் .சிங்கப்பூரும் முகவரி முடிவுகளைப் பட்டியலிடும் வேர் மண்டலத்தில் ஏறின. தமிழ் எழுத்திலும் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதற்கான உலகத் தரவிதிகள் 2012இல் வெளிவந்தன. இத்தனைக்கும் பிறகு, எங்களில் ஒருவர் தம் தமிழ் மின்னஞ்சல் முகவரியை ஒரு விண்ணப்பப் படிவத்தில் தட்டியபோது 'செல்லாத முகவரி' என்று சிவப்பில் வந்தது. அந்தச் செய்தி மட்டும் நல்ல தமிழில் இருந்தது.

எங்கள் கோரிக்கைகள்

1. ஊராட்சிக்கு ஒரு தமிழ் முகவரி. தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் .இந்தியாவின் கீழ், அரசுக்கென்றே அமைந்த ஒரே கிளையில், கட்டணமின்றி முகவரி தர வேண்டும். ஊர்ப் பெயர்களை வெளியார் வாங்கி விற்காதபடி முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். இப்போதுள்ள ஆங்கில முகவரிகளை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.

2. படிவங்கள் தமிழ் முகவரியை ஏற்க வேண்டும். அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் டெண்டரிலும் இதை நிபந்தனையாக எழுத வேண்டும். ராஜஸ்தான் அரசு 2017இலேயே தன் மக்களுக்கு இந்தியில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு அது எட்டாத உயரம் இல்லை.

3. இரட்டை எழுத்துகளுக்குக் காவல் வேண்டும். 'ஔவை' என்பதை 'ஔ' என்ற ஒரே எழுத்தாலும் தொடங்கலாம். 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டியும் தொடங்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. 'கௌரி'யிலும் இதே வில்லங்கம். 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாக உள்ளிட முடியும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரை அப்படியே போலி செய்ய மோசடிக்காரனுக்கு இது போதும். வேர் மண்டலத்துக்கான தமிழ் எழுத்து விதிகள் 2019இல் வந்துவிட்டன. அதே கண்டிப்பு .இந்தியாவின் கீழுள்ள ஒவ்வொரு பெயருக்கும் வேண்டும்: ஒரு வடிவம் ஒருவருக்குப் பதிவானால், மறு வடிவம் வேறு யாருக்கும் போகக் கூடாது.

4. தமிழில் தட்டியது தமிழிலேயே தெரிய வேண்டும். பல செயலிகளில் தமிழ் முகவரி 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடுகிறது. அது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வடிவம். மனிதர் கண்ணில் படத் தேவையில்லை.

5. கையெழுத்தும் புதுப்பிப்பும். தாசில்தார் கையெழுத்து இல்லாத பட்டாவை நாங்கள் நம்புவதில்லை. பெயர் முறையிலும் பதில் உண்மையானதா என்று சரிபார்க்கும் மின்கையெழுத்து உண்டு. வேர் மண்டலம் 2010 முதல் அப்படிக் கையெழுத்திடப்படுகிறது. அரசு முகவரிகள் அனைத்துக்கும் அது கட்டாயமாக வேண்டும். அரசுத் திட்டம் முடிந்தாலும் அதன் முகவரியைக் காலாவதியாக விடக் கூடாது. விட்டால் அதே பெயரில் சூதாட்டத் தளம் முளைக்க வழி உண்டு.

6. திட்டமிடுதல் பொதுவில் நடக்க வேண்டும். .இந்தியாவுக்கான விதிகளின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, கிராம சபைகளில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். வேர் மண்டலத்தின் மின்கையெழுத்துக்கான தலைச்சாவியைக் கையாளும் சடங்கு ஆண்டுக்கு நான்கு முறை அமெரிக்காவில் நடக்கிறது. பல நாட்டவர் சாட்சியாக இருக்க, நேரலையில் உலகமே பார்க்கலாம். குடத்தில் பெயர் ஓலையிட்டு, சபை நடுவில் பலர் பார்க்க எடுத்து ஊர்ச்சபையைத் தேர்ந்த முறையைப் பராந்தகச் சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அன்றைய ஓலையில் ஏறும் தகுதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சொத்தும் கல்வியும் கேட்டார்கள். இன்று ஆங்கிலம் கேட்கிறார்கள். அந்தத் தகுதியையும் நீக்குங்கள் என்கிறோம்.

எங்கள் பொறுப்பு

ஊர், தெரு, ஏரி, கழனிப் பெயர்களின் சரியான தமிழ் எழுத்தைத் தொகுத்துத் தருவோம். முகவரியை உள்ளிடத் தடுமாறுபவர்களுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொடுப்பார்கள்.

இந்தச் சாசனத்தைத் தமிழ் முகவரி ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பவே விரும்பினோம். போய்ச் சேருமா என்ற ஐயம் இருப்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். உங்கள் பதிலையாவது தமிழ் முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்புலிவனம் ஊர்மக்கள்