தயங்கும் உம்மாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்



நவம்பரில் தியத்தலாவைப் பக்கம் கூடார முகாம் என்றதும், "சின்னப் பிள்ளைகள் சேர், மழை பெஞ்சா?" என்று ஒரு உம்மா தயங்கினார். சிலர் சிரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயங்களை ஊவாவில் யார் மறப்பது?

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை எங்கள் பக்கம் மழைக்காலம். முகாமை ஜூலைக்கு மாற்றினோம். உம்மாவும் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். இரவெல்லாம் அவர் விழித்திருந்தார். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

ஆசிரியர்களே, பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துத் திகதி வையுங்கள். பெற்றோரே, கேள்வி கேட்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். கேட்டுத் திருப்திப்பட்ட பிறகு, பிள்ளையை அனுப்புங்கள்.