மரத்தோடு தூரையும் விலை பேசுங்கள்

மரம் விற்கும் நாளில் தூரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வியாபாரி வருகிறார், அடிமரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்க்கிறார், ஒரு தொகை சொல்கிறார். நீங்கள் கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறீர்கள். பேரம் முடிகிறது. மறுநாள் இயந்திர ரம்பத்தோடு ஆட்கள் வந்து, ஓர் அங்குல மரம்கூட வீணாகாமல் தரையை ஒட்டி அறுத்து, லாரியில் ஏற்றிப் போய்விடுகிறார்கள். அடுத்த உழவில் ஒன்பது கொத்துக் கலப்பை தூரில் மாட்டி வளையும்போதுதான், விற்காத ஒரு பங்கு மரம் இன்னும் நம் நிலத்திலேயே கிடக்கிறது என்பது உறைக்கிறது. பிறகு பொக்லைன் தேடி ஓட வேண்டியதுதான். மரம் விற்ற பணத்தில் ஒரு பகுதி அந்த வாடகைக்கே போய்விடுகிறது.

தூர் எடுக்கும் செலவைக் குறைக்க என்ன வழி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில், மரத்தை அறுக்கவே அறுக்காதீர்கள் என்பதுதான். சாயுங்கள். மரத்தைச் சுற்றி மண்ணை எடுத்து, கண்ணில் படும் பக்க வேர்களைக் கோடரியால் வெட்டிவிட்டு, உயரத்தில் வடம் கட்டி இழுத்தால் மரத்தின் எடையே தூரைப் பெயர்த்துக்கொண்டு வரும். நிற்கும் மரம் ஒரு நெம்புகோல். தரையை ஒட்டி அறுத்ததும் அந்த நெம்புகோலை நாமே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். வீடு, மின்கம்பி, சாலை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு இது பொருந்தாது. அங்கே மேலிருந்து துண்டு துண்டாகக் கழிப்பதுதான் முறை. அப்படிக் கழித்தாலும், கடைசி நான்கடியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். சங்கிலி போட்டு இழுக்கவோ கடப்பாரை கொடுத்து நெம்பவோ பிடிமானம் இருக்கும். தூர் வெளியே வந்த பிறகு அந்த நான்கடியை அறுத்துக் கொடுங்கள்.

ஆகவே பேரத்தின்போதே ‘தூரோடு எடுத்து, குழியை மூடித் தர வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். வியாபாரி விலையைக் குறைப்பார். குறைக்கட்டும். அவரிடம் ஆள் இருக்கிறது, வடம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஆகும் செலவைவிட அவருக்கு ஆகும் செலவு குறைவாகத்தான் இருக்கும். அவர் குறைக்கும் தொகையையும் உங்கள் ஊர் பொக்லைன் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்பணம் வாங்கும் ஒரு துண்டுச் சீட்டிலாவது இதை எழுதி வாங்குவது நல்லது. வாய்ப்பேச்சில் விட்டால் கடைசி லாரி கிளம்பும் அவசரத்தில் குழி மூடுவது யாருக்கும் நினைவுக்கு வராது.

இதற்குள் ஓர் எச்சரிக்கை. சொந்த டிராக்டர் இருப்பவர்கள் சங்கிலி கட்டித் தூரை இழுக்கிறார்கள். சங்கிலியை டிராக்டரின் பின்புறத்தில் உயரமான இடத்தில், மேல் இணைப்பிலோ அச்சிலோ மாட்டி இழுத்தால், தூர் அசையாதபோது முன்சக்கரம் மேலெழும். ஓட்டுநர் கிளட்சை மிதிக்கும் நேரம்கூடக் கிடைக்காமல் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். உயிர் போகும் விபத்து இது. சங்கிலியை எப்போதும் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சங்கிலியின் நீளத்துக்கும் அப்பால்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். அறுந்த சங்கிலி எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது. வேர்களை முன்பே வெட்டாமல் டிராக்டரின் பலத்தை மட்டும் நம்புவது, ஐந்நூறு ரூபாய்க் கூலியை மிச்சம்பிடிக்க உயிரைப் பணயம் வைப்பது.

இனி மரத்துக்கு மரம் கதை வேறு. நம் ஊரில் அதிகம் தொல்லை தருபவை தென்னையும் சீமைக் கருவேலமும். இரண்டின் தூரும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டின் கிழங்கு போன்ற பகுதியிலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் புறப்படுகின்றன. வயதானாலும் அவை பருப்பதில்லை. ஆகவே தூரைச் சுற்றி இரண்டடி அகலத்தில் பள்ளம் எடுத்து, கூரான மண்வெட்டியாலும் கோடரியாலும் வேர்களை அறுத்துக்கொண்டே வந்தால், அடியில் பிடித்து நிற்கப் பெரிய வேர் எதுவும் இருக்காது. இரண்டு கடப்பாரை போட்டு நெம்பலாம். அசையாவிட்டால் செயின் பிளாக் ஒன்றைப் பக்கத்து மரத்தில் மாட்டி இழுக்கலாம். வெட்டிய தென்னை மீண்டும் துளிர்க்காது. குருத்து போனால் மரம் போயிற்று. அப்படியானால் விட்டுவிடலாமே, தானாக மட்கிவிடுமே என்று பலரும் நினைக்கிறார்கள்.

அங்கேதான் ஆபத்து. மட்கும் தென்னந்தூர் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. கட்டையின் உள்சோறு மென்மையாகி ஈரம் பிடித்ததும் தாய் வண்டு அதில் முட்டையிடும். ஆங்கில ‘சி’ எழுத்துபோல வளைந்த வெள்ளைப் புழுக்கள் அதையே தின்று மாதக்கணக்கில் வளரும். வெளிவரும் வண்டு உங்கள் இளங்கன்றுகளின் விரியாத குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு தெரியும். பச்சையான வெட்டுக்காயம் இன்னொரு எதிரியான சிவப்புக் கூன்வண்டையும் வரவழைக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, வேரோடு விழுந்தவையும் உண்டு, நடுவில் முறிந்து தூரை மட்டும் விட்டுச்சென்றவையும் உண்டு. பழைய கட்டைகளுக்கு நடுவே புதுக்கன்று நட்டவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது விளக்காமலே புரியும். வண்டுக்கு வரப்பும் வேலியும் தெரியாது. பக்கத்துத் தோப்பில் அழுகும் தூர் உங்கள் கன்றின் பிரச்சினை.

‘தூரில் துளை போட்டுச் சாணக் கரைசலும் யூரியாவும் ஊற்றுங்கள், சீக்கிரம் மட்கிவிடும்’ என்று கைப்பேசிக் காணொளிகளில் சொல்கிறார்கள். மரக்கட்டையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு; தழைச்சத்தும் ஈரமும் கொடுத்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். வேம்புக்கோ வாகைக்கோ, அவசரமில்லாத இடத்தில், இதைச் செய்யலாம். அதற்கும் ஓரிரு ஆண்டு பொறுக்க வேண்டும். ஆனால் தென்னந்தோப்பில் சாணம் ஊற்றி மட்க வைப்பது வண்டுக்கு விருந்து வைத்து அழைப்பதாகும். எல்லாத் தூரையும் ஒரே ஆண்டில் எடுக்கப் பணம் இல்லையென்றால், எடுக்க முடியாதவற்றில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை நீரில் கலந்து ஊற்றுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரித்தால் கிடைக்கும் இடம் சொல்வார்கள். நிழலும் ஈரமும் இருந்தால்தான் அது வேலை செய்யும்; உச்சி வெயிலில் காய்ந்த கட்டையில் ஊற்றுவது வீண். மாதம் ஒருமுறை கட்டையைக் கடப்பாரையால் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும் நல்ல பலன் தரும். கோழி இருக்கும் வீட்டில் அழிக்கும் வேலையும் மிச்சம். கட்டையின் மேல் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட்டால் வண்டு அதைக் கண்டுபிடிப்பது கடினமாகும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தத் தவணை முறைக்கு இடமில்லை. அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து செத்த மரம் என்றால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952இல் அந்த மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். அதற்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சாணம் தூரிலும் வேரிலும் உயிரோடு இருந்து, மண் வழியாகப் பக்கத்து மரத்தின் வேருக்குப் போகும். அந்தத் தூரை வேர்களோடு தோண்டி எடுத்து எரித்தே ஆக வேண்டும். எடுக்கும்வரை அதைச் சுற்றி இரண்டு மூன்றடி ஆழத்துக்கு ஓரடி அகலப் பள்ளம் வெட்டி மற்ற மரங்களிலிருந்து பிரித்து வையுங்கள். கையில் பத்துத் தூர் எடுக்கும் பணம்தான் இருக்கிறது என்றால், முதல் பணம் இந்த மரங்களுக்குத்தான் போக வேண்டும். நடைபாதையில் இடறும் தூர் இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம்.

சீமைக் கருவேலத்தின் கதைக்கு வருவோம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வெட்ட வெட்ட ஒன்று பத்தாகும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் அவற்றை எழுப்பிவிட்டதாகத்தான் பொருள். ஆனால் முழு வேரையும் தோண்ட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆணிவேர் எத்தனை ஆழம் போனாலும் போகட்டும். ஓரடி ஆழத்துக்குக் கீழே வேரை வெட்டி, மேலுள்ள முடிச்சுப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டால் போதும். கீழே எஞ்சும் வேர் மட்கிவிடும். இந்த ஓரடிக்கும் ஆறடிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் பணம் மிச்சமாகிறது.

இன்னொரு வசதி, இந்தத் தூருக்கு விலை உண்டு. கெட்டியான கட்டை என்பதால் கரிமூட்டம் போடுபவர்கள் விரும்பி எடுப்பார்கள். ‘தூரை நீங்களே தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள், கூலி கிடையாது’ என்ற ஒப்பந்தத்துக்கு ஆள் கிடைக்கும். தோண்டும் ஆழத்தை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்களுக்குக் கட்டை கிடைத்தால் போதும், முடிச்சில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் கவலையில்லை. எடுத்த நிலத்தைத் தரிசாகப் போடாதீர்கள். ஆடு மாடுகள் காயைத் தின்று போட்ட சாணத்திலும் புழுக்கையிலும் விதைகள் காத்துக்கிடக்கின்றன. முதல் மழைக்கு முளைக்கும் கன்றை அந்தப் பருவத்திலேயே கையால் பிடுங்கிவிடலாம். இரண்டாம் ஆண்டில் மண்வெட்டி வேண்டும், மூன்றாம் ஆண்டில் மறுபடி பொக்லைன். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு 2017இல் ஊரெல்லாம் கருவேலம் அகற்றினோம். அதன்பின் உழுது பயிர் வைத்த வயல்களையும் சும்மா கிடந்த வயல்களையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தைல மரமும் சவுண்டலும் துளிர்க்கும் வகைதான். தோண்ட வசதியில்லாதவர்கள், துளிர் முழங்கால் உயரம் வருவதற்குள் ஒடித்துக்கொண்டே இருந்தால் வேரில் சேமித்த உணவு தீர்ந்து தூர் சாகும். பொறுமை வேண்டும், ஒருமுறை விட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், பேட்டரி அமிலம், கல்லுப்பு ஆகிய நான்கையும் தூரில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மரம் சாகிறதோ இல்லையோ, மண் சாகும். உப்புக் கொட்டிய இடத்தில் மண் இறுகி, அடுத்துப் போடும் பயிர் கருகிப்போகும். களைக்கொல்லி கேட்பவர்களுக்கு: கிளைபோசேட்டைப் பூச்சி மேலாண்மை நிறுவனங்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கடையில் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதற்காக வாங்கிவராதீர்கள். தூருக்குத் தீ வைப்பதும் எளிதாகத் தெரியும். காய்ந்த வேர் வழியாகக் கனல் மண்ணுக்குள்ளேயே நகர்ந்து, நாம் தீ அணைந்தது என்று வீட்டுக்குப் போன பிறகு வேறோர் இடத்தில் கிளம்பும். எரிப்பதானால் தோண்டி வெளியே எடுத்துப் போட்டு எரியுங்கள்.

பொக்லைன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது தூர் இருந்தால் அதுதான் மலிவு. முதலில் மூன்று தூரை ஆள் வைத்து எடுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு என்ன செலவு என்று தெரியும். மணி வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மணிக்குப் பத்துத் தூர் எடுக்கும் நிலத்தில் ஒன்றுக்கு 120 ரூபாய். அதே இயந்திரம் ஒரு பழைய புளியந்தூரோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினால் 3,600 ரூபாய். புளியைச் சுற்றி உழுதுகொண்டு போவதே சிக்கனம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. இ-வாடகை செயலியில் முன்பதிவு செய்யலாம். வண்டி வந்துபோகும் செலவை நான்கு பேராகப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஈரம் பதமாக இருக்கும்போது கூப்பிடுங்கள். கோடையில் கரிசல் பாறையாக நிற்கும், மணிக்கணக்கு ஏறும். சேறாக இருந்தால் சக்கரம் நிலத்தை மிதித்து இறுக்கிவிடும். நிலத்தடிக் குழாயும் போர் கேபிளும் போகும் இடத்தைக் கம்பு நட்டு முதலிலேயே காட்டிவிடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பரிந்துரைக் கையேடுகளில் ‘பாதிக்கப்பட்ட மரங்களைத் தூருடன் அகற்றி அழிக்கவும்’ என்று ஒரே வரி இருக்கும். எப்படி, எந்தப் பணத்தில் என்பது இருக்காது. அந்த ஒரு வரிதான் விவசாயிக்கு மொத்தப் பரிந்துரையிலும் அதிகச் செலவு வைப்பது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவு, புத்துயிரூட்டும் திட்டத்தில் பட்ட மரங்களையும் நோயுற்ற மரங்களையும் அகற்ற உதவி உண்டு. ஆய்வுக்கு அலுவலர் வந்து பார்க்கும் முன் மரத்தை எடுத்துவிட்ட விவசாயி அதைக் கேட்க முடியாமல் போகிறது. தோப்புக்குப் போகும்போது மரத்தை எண்ணுவதோடு தூரையும் எண்ணுங்கள். பத்துப் பேரின் தூரைச் சேர்த்து ஒரே நாளில் இயந்திரம் வரவழைக்கும் ஏற்பாட்டை உங்களால்தான் செய்ய முடியும்.

குழி மூடும்போது ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தோண்டத் தொடங்கும்போதே மேல்மண் ஓரடியைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். அடிமண்ணை முதலில் தள்ளி மிதித்து, மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும். மாற்றிப் போட்டால் செம்மண் நிலத்தில் சரளையும் களிமண் நிலத்தில் கட்டியும் மேலே வந்து, அந்த வட்டத்தில் நாலைந்து போகத்துக்குப் பயிர் குட்டையாகவே நிற்கும். வரப்பு மட்டத்துக்கு அரையடி மேடாக விட்டுவிட்டு, இரண்டு நல்ல மழை இறங்கிய பிறகு சமன் செய்யுங்கள்.