நாய்ச் சண்டையும் சமாதானத் தூதரும்

போளூர் என்றதும் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூரை எண்ணிக்கொள்ள வேண்டாம். நான் உபாத்தியாயராக இருப்பது, கொடைக்கானலுக்கு மேற்கே பழனி மலையில் உள்ள போளூரில். இங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்களுக்கு நாய்களே காவல். இரவில் காட்டுப்பன்றியை விரட்டும் அவ்வீரர்கள், பகலில் டீக்கடை வாசலில் தங்களுக்குள்ளேயே யுத்தம் தொடுப்பதுண்டு.

சென்ற வாரம் அப்படி ஒரு யுத்தம் மூண்டது. காரணம், யாரோ எறிந்த அரைப் போண்டா. என் மாணவன் ஒருவன் தன் நாயைக் காப்பாற்றும் ஆவலில் அதன் கழுத்துப் பட்டையைப் பற்றி இழுத்தான். மறுகணம் அவன் மணிக்கட்டில் இரத்தம்! கடித்தது எதிரியின் நாய் அன்று; அவன் சோறிட்டு வளர்த்த நாயேதான். அதை நன்றி கெட்டதென்று தூற்றுவது நியாயமில்லை. சண்டை வெறியில் அதற்குக் கை எது, பகை எது என்று தெரியாது. நானும் குற்றவாளிதான். கூச்சலிட்டுக் கழியால் அடித்தேன். சண்டை இன்னும் மூர்க்கமாயிற்று. கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை வீசிய பிறகே ஓய்ந்தது.

ஆகவே நேயர்கள் அறிய வேண்டியது இது: சண்டையிடும் நாய்களின் முகத்தருகே கையைக் கொண்டுபோகலாகாது. தண்ணீர் வீசலாம், கனத்த சாக்கைப் போர்த்தலாம், பலகையை நடுவே செருகலாம். வீட்டு நாய்களாயின், இருவர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி, அது திரும்பிக் கடிக்க இயலாதபடி அரைவட்டமாகப் பின்னால் நடக்கலாம். ஒரு நாய் மற்றதைக் கவ்வியிருக்கும்போது மட்டும் இழுக்கலாகாது, சதை கிழியும். தனி ஆளாயின் தொடாமலிருப்பதே விவேகம்.

பையனின் பாட்டி மஞ்சளும் சுண்ணாம்புமாக ஓடி வந்தார். "இது போதாதா, வாத்தியாரையா?" என்றார். "போதாது, பாட்டி" என்று சொல்லி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவச் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம். 1885-ஆம் வருஷம் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இச்சிகிச்சையை முதன்முதல் செய்தார். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்படுமுன், இதற்காக நம்மவர் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. இன்றோ அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல், கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

சண்டை மூளாமல் காப்பது இதைவிட எளிது. சோற்றைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். எச்சிலையைத் தெருவில் எறியாதீர்கள். உடல் விறைத்து, வால் உயர்ந்து, பிடரி மயிர் சிலிர்த்து, பார்வை நிலைகுத்தினால், அப்போதே உங்கள் நாயை அப்பால் அழைத்துச் செல்லுங்கள். வேடிக்கைக்காக நாய்களை மோதவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பையனுக்கு மூன்று ஊசி ஆகிவிட்டது. நாலாவதன் தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டும் ஒருவரும் அழிக்கக் கூடாதென்பது வகுப்பின் உத்தரவு.