காவல்காரனுக்கு உடம்பு சரியில்லை!



பெருமாள்மலைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் ஆளைப் பார்க்கும் முன்பே நாயின் குரல் கேட்கும். காவலுக்கு என்று ராஜபாளையம், அல்சேஷன் போன்ற பெரிய நாய்களை வளர்ப்பார்கள். ராஜபாளையம் நம் தமிழ்நாட்டு இனம். 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது!

உருவம் பெரிது, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். நாய் வலியைச் சுலபத்தில் வெளியே காட்டாது. நாம்தான் கவனிக்க வேண்டும். வாலாட்டி ஓடி வருவது மூலையிலேயே படுத்துக் கிடக்கிறதா? கறிச்சோற்றையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா? எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா? பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை அதிகம். தொட்டால் சுடுகிறதே, காய்ச்சலோ என்று பயப்பட வேண்டாம். நாயின் உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்!

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்குச் சில சமயம் வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளம் போல உப்பும். வாந்தி எடுக்கப் பார்க்கும். நுரையைத் தவிர எதுவும் வராது. படுக்க முடியாமல் அலையும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். "அஜீரணம்தான், ஓமத்தண்ணீர் கொடு, காலையில் பார்ப்போம்" என்று வீட்டில் சொன்னால் விடாதீர்கள். அடம்பிடியுங்கள், இந்த ஒரு விஷயத்தில் அடம் நல்லது! கொடைக்கானலுக்குப் போவது மலைப்பாதை. மூடுபனி இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். அதனால் கால்நடை மருத்துவரின் எண்ணை இன்றே சுவரில் எழுதி வையுங்கள். சோற்றை ஒரே வேளையாகப் போடாமல், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தின்றவுடன் ஓடவிடாதீர்கள்.

நமது காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. கொடைக்கானல் சாக்லேட்டும் அப்படித்தான். நமக்கு இனிப்பு, அதற்கு நஞ்சு. தின்றுவிட்டால் வாந்தி, நடுக்கம் வரும்.

இன்னொன்று. நாய் திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவித்தால், எலும்பு சிக்கியிருக்கும் என்று வாயில் கையை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.