‘ஓட ஓட செட் ஆயிடும்’ என்னும் கதை

சித்தூரிலும் திருப்பதியிலும் புதுக் கார் எடுத்தவர்கள் பலர் காணிப்பாக்கத்திலோ அலிபிரியிலோ பூஜை போட்ட கையோடு டிக்கியில் சப்-ஊஃபரையும் ஏற்றிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் கடைக்காரர் சொல்வார்: “முதல் 50 மணி நேரம் சவுண்டைக் குறைச்சே வையுங்க சார். ஓட ஓட செட் ஆயிடும்.” வாங்கியவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். இந்த நம்பிக்கை தவறு. வாங்குகிறவரின் பணத்துக்கும் கேடு.

இது எஞ்சினிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். புது எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. முதல் 1,000 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்வதில் பொருள் உண்டு. சப்-ஊஃபரில் அப்படி உரசித் தேய வேண்டியது எதுவும் இல்லை. முன்னும் பின்னும் ஆடி ஒலியெழுப்பும் கோனைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் ஸ்பைடர், பிசின் ஏற்றி மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. புதிதில் சற்று விறைப்பாக இருக்கும், பிறகு தளரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோன் நன்றாக ஆடினால் அந்தத் தளர்ச்சியில் பெரும்பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும். சவுண்டைக் குறைத்து வைத்தால் கோன் அசைவதே தெரியாது. அசையாத துணி 50 மணி நேரம் கிடந்தாலும் எப்படித் தளரும்?

தளர்ந்தால் பேஸ் கூடாதா என்று கேட்பார்கள். ஸ்பீக்கரையும் பெட்டியையும் எண்களால் பொருத்திப் பார்க்கும் கணக்கை ஆஸ்திரேலியாவில் 1961இல் நெவில் தீல் தந்தார். 1970களில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். உலகம் முழுக்க இன்றும் அதுதான் அளவுகோல். அந்தக் கணக்குப்படி, ஸ்பைடர் தளர்ந்தால் கோனின் இயல்பான அதிர்வெண் கொஞ்சம் இறங்கும். ஆனால் சிறிய மூடிய பெட்டிக்குள் பூட்டியபின், அடைபட்ட காற்றுதான் ஸ்பைடரைவிட வலுவான ஸ்பிரிங்காக நிற்கிறது. வெளியே வரும் பேஸ் அநேகமாக மாறுவதில்லை. இரண்டு வாரம் கழித்து “இப்ப நல்லாருக்கு” என்று தோன்றினால், பழகியது காது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். திருமலைக்குச் சவாரி ஓட்டும் பாகாலா தம்பி ஒருவர் கோனை ஆட்டும் கம்பிச்சுருள், அதாவது காயில், இரண்டு கொண்ட சப்-ஊஃபர் போட்டார். பேஸே இல்லை. கடையில் கேட்டதற்கு இதே 50 மணி நேரக் கதை. பிறகு திறந்து பார்த்தால் ஒரு காயிலுக்குப் பிளஸ், மைனஸ் மாறிக் கிடந்தது. ஒரு காயில் கோனை முன்னே தள்ள, மற்றது பின்னே இழுத்திருக்கிறது. கோன் நகராமல் இரண்டு காயிலும் சும்மா சூடேறியிருக்கின்றன. அதற்குள் மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்துவிட்டது. தலைகீழாகக் கொடுத்த வயர், காற்று கசியும் பெட்டி, செம்பு என்று சொல்லி விற்ற அலுமினிய வயர், கண்டபடி திருப்பிய ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) கெயின் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

சவுண்டைக் குறைப்பதற்கு நேர்மாறாக, சீக்கிரம் செட் ஆகட்டும் என்று இரவெல்லாம் டெஸ்ட் டோன் ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூட்டிய டிக்கியின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். காயிலின் சூடு 100 டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை சுமார் 40 சதவீதம் கூடும், பேஸ் சுருங்கும். சப்-ஊஃபரை எரிப்பது பெரும்பாலும் இந்தச் சூடும், கெயினை ஏற்றி ஆம்ப்பைத் திணறவிடும் பழக்கமும்தான். புதியது என்பதால் எதுவும் எரிவதில்லை.

ஆகவே பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன் கடையிலேயே சோதியுங்கள். ஆம்ப் வயரைக் கழற்றச் சொல்லி, 9 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு காயிலிலும் பிளஸுக்குப் பிளஸாக ஒரு கணம் தொடுங்கள். இரண்டு முறையும் கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். பிறகு உங்களுக்குப் பழக்கமான பாட்டைப் போட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். பேஸ் சரியில்லையென்றால் அன்றே, அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். 50 மணி நேரம் கழித்து வருகிறேன் என்று கிளம்பாதீர்கள்.