கோபுரம் தெரியுது... வண்டியை எங்கே விடுறது? திருக்கோவிலூரின் பார்க்கிங் சிக்கல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெளியூர் பக்தர்கள் தேடி வரும் முக்கியமான ஊர் திருக்கோவிலூர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான உலகளந்த பெருமாள் கோயில் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆனா பக்கத்தில் வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பம்.

ஏன் இந்த நெருக்கடி?

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் தேருக்கும் நடந்து வருபவர்களுக்கும் உருவானவை. இப்போது அதே வீதிகளில் வீடு, கடை, ஆட்டோ, சுற்றுலா வேன் எல்லாமே இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி நாட்களில் கேட்கவே வேண்டாம். திருவண்ணாமலை சுமார் 35 கி.மீ. தூரம்தான் என்பதால், அங்கு போகிறவர்களும் இங்கே வண்டியைத் திருப்புகிறார்கள்.

இதோடு முடியவில்லை. அட்டவீரட்டானங்களில் ஒன்றான வீரட்டேஸ்வரர் கோயில் கீழையூரில் இருக்கிறது. அருகே தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று. எல்லாம் பார்க்க நினைத்தால், ஒவ்வொரு இடத்திலும் மறுபடி பார்க்கிங் தேட வேண்டும்.

ரயிலில் வரலாமே?

வரலாம். விழுப்புரம் - காட்பாடி பாதையில் திருக்கோவிலூர் ரயில் நிலையம் உண்டு. ஆனா அது இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரகண்டநல்லூரில்.

2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது திருக்கோவிலூர் இங்கே வந்தது. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டது. அதாவது கோயில் ஒரு மாவட்டம், ஸ்டேஷன் இன்னொரு மாவட்டம். ரயில் நேரத்துக்கு ஏற்ப ஒரு மினி பஸ் விடுவதாக இருந்தாலும் இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கைகோக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் என்ன வழி?

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பக்தர்களின் வண்டிகளுக்காக ஆவணி மூல வீதிப் பகுதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிக பஸ் நிலையமும் பார்க்கிங்கும் அமைக்கிறார்கள்.

பார்க்கிங் கட்டினால் தீர்ந்துவிடுமா?

தீராது. கோயில் வாசலிலேயே பார்க்கிங் அமைத்தால், எல்லா வண்டியும் ஊருக்குள் வந்துதான் தீரும். ஊர் எல்லையில் அமைத்துவிட்டு மினி பஸ் விடாவிட்டால், நடக்க முடியாத வயதானவர்கள் அவதிப்படுவார்கள். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பலன்.

பூ, துளசி விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, வண்டி வராவிட்டால் வியாபாரம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஆனா காரில் வாசலில் இறங்குபவரைவிட, வீதியில் நடந்து வருபவர்தான் கடையில் நிற்பார். அந்த நடைபாதை கடைகளை ஒட்டிப் போவதும் முக்கியம்.

இன்னொரு விஷயம், அவசரம். வீதியின் இரு பக்கமும் கார் நின்றால், உள்ளே குடியிருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ எப்படி வரும்?

இப்போதைக்கு பக்தர்கள் என்ன செய்யலாம்?

* கூட்ட நாட்களைத் தவிர்த்து, காலையிலேயே வந்துவிடுவது நல்லது.
* மதியம் நடை சாத்தும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.
* வண்டியை ஒரே இடத்தில் விட்டுவிட்டு, கீழையூருக்கு ஆட்டோவில் போகலாம்.
* பார்க்கிங் கட்டணம் கேட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள்.
* வீட்டு வாசலையும் தெருமுனையையும் மறித்து நிறுத்தாதீர்கள்.